இந்தி நகைச்சுவையில் 'மதராஸி'

மும்பையில் நம்மவர் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு வேளையில் விரும்பிப் பார்க்கப்படும் இந்தித் தொடர்களில் ஒன்று 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'. 2008-ல் தொடங்கிய இத்தொடரில் ஐயர் என்ற தமிழ் விஞ்ஞானி வருகிறார். "கோகுல்தாம் குடியிருப்பில் நம் ஆளுக்கும் இடம் இருக்கிறதே" என்று பிள்ளைகள் மகிழ்கிறார்கள். "விஞ்ஞானி என்பது பெயருக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரர் அவர் மனைவியைச் சுற்றி வருவதுதானே வேடிக்கை?" என்பது பெரியவர்களின் ஆட்சேபம்.

இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. 1968-ல் வந்த 'படோசன்' படத்தில் பாட்டு வாத்தியார் பிள்ளையாக நடித்த மெஹ்மூத், உச்சரிப்பைக் காட்டியே சிரிக்க வைத்தார். 2013-ல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படமும் அதே பாதையில்தான் ஓடியது.

சிரிப்பது குற்றமன்று. சென்னைப் படங்களில் வரும் சேட்டும் தமிழைக் கடித்துத் துப்பித்தான் சிரிக்க வைக்கிறார். ஆனால், படத்தில் கேட்ட "ஐயோ, ஐயையோ"வை மறுநாள் பள்ளியில் கேட்க வேண்டியவன் நம் பையன். கிண்டலுக்கு அஞ்சி, ரயிலில் தாயுடன் தமிழ் பேசவே அவன் கூசுவானானால் நஷ்டம் யாருக்கு?

ரசிகர்கள் கேட்பதைத்தானே கொடுக்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். 1981-ல் பாலசந்தரின் 'ஏக் தூஜே கே லியே' அந்தச் சமாதானத்தைப் பொய்யாக்கிவிட்டது. இந்தி அறியாத தமிழ் இளைஞனாகவே கமல்ஹாசன் கதாநாயகன் ஆனார். படம் வடக்கே பெருவெற்றி கண்டது. எனவே குறை ரசிகர்களிடம் இல்லை, கதை எழுதுவோரிடம்தான். பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கும் பெற்றோர் இதையும் அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.