‘விருப்ப’ ஓய்வு: யாருடைய விருப்பம்?

தாடிக்கொம்பைச் சுற்றி நூற்பாலைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் என் சித்தி. “ஆர்டர் இல்லம்மா, நீயா எழுதிக் குடுத்துட்டா கையில கொஞ்சம் பணம் வரும்” என்றார்கள். வந்த பணம், சட்டப்படி அவருக்குச் சேரவேண்டிய பணிக்கொடையைக்கூட எட்டவில்லை. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது 1972 சட்டம் தந்த உரிமை. உரிமையையே ஊக்கத்தொகை என்று பெயர் மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர் சலுகையா?

முதலாளிகளுக்கு இந்த ‘விருப்பம்’ ஏன் இவ்வளவு பிடிக்கிறது? 1947 தொழில் தகராறு சட்டம் ஆட்குறைப்புக்கு நோட்டீஸ், இழப்பீடு கேட்டது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையையோ தோட்டத்தையோ மூட அரசின் அனுமதி கேட்டது. ஆனால் தானாக விலகுவது ஆட்குறைப்பு ஆகாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஒரு கையெழுத்து, அத்தனை பாதுகாப்பும் காலி. 2025 நவம்பரில் வந்த தொழிலுறவுத் தொகுப்பு அந்த 100-ஐயும் 300 ஆக்கிவிட்டது.

மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு. குத்தகை முடிவது 2028-இல். 2024-லேயே பாம்பே பர்மா கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. பணத்தின் ஒரு பகுதி, வீட்டைக் காலி செய்தால்தான். வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம் இருக்கும்போது எழுதும் சம்மதம் என்ன சம்மதம்? ஆதிக்க நிலையில் இருப்பவர் அதைப் பயன்படுத்திப் பெறும் சம்மதம் சுதந்திரமானதல்ல என்று 1872 ஒப்பந்தச் சட்டமே சொல்கிறதே!

“சொந்த ஊருக்குப் போங்கள்” என்கிறார்கள். எந்த ஊர்? அங்கே பெரும்பாலோர் தலித் மக்கள். நிலமின்மையையும் சாதியையும் சமவெளியில் விட்டுவிட்டு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள். கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23-இல் நெல்லைக்கு ஊர்வலம் வந்தபோது தாமிரபரணியில் 17 உயிர்களைக் கொடுத்தவர்கள். நிலம் உள்ள சாதிக்கு விருப்ப ஓய்வு ஒரு தொகை. இவர்களுக்கு அது திரும்பவும் சேரி.

தோழர்களே, உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ அந்தப் படிவம் வந்தால் அன்றே கையெழுத்துப் போடவிடாதீர்கள். பணிக்கொடை எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, அதற்கு மேல் கம்பெனி தருவது எவ்வளவு என்று தனித்தனியாக, தமிழில், எழுத்தில் கேளுங்கள். சங்கத்திடம் காட்ட அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்ததையும் தேதி போட்டு எழுதித் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள்.