ஓடுபாதை முடியும் இடம்

1996 ஜூன் 13 ஆம் திகதி ஜப்பானின் புகுவோக்கா விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்தின் டி.சி. 10 ரக விமானம், தரையைவிட்டு எழும் தருணத்தில் அதன் இயந்திரமொன்று செயலிழந்தது. விமானி புறப்பாட்டைக் கைவிட்டார். ஓடுபாதையைத் தாண்டிச் சென்ற விமானம் வேலியை உடைத்துத் தீப்பற்றியது. விமானத்திலிருந்த 275 பேரில் மூவர் உயிரிழந்தனர்.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் 'முடிவு வேகம்' ஒன்று முன்கூட்டியே கணிக்கப்படுகின்றது. அதற்குள் கோளாறு தென்பட்டால் நிறுத்தலாம். அதைக் கடந்துவிட்டால், ஓர் இயந்திரம் பழுதடைந்தாலும் மேலெழுந்து, பின்னர் திரும்பி வந்து தரையிறங்குவதே விதி. கருடா விமானி அந்த வேகத்தைக் கடந்த பின்னரே நிறுத்த முற்பட்டார். எனவே பழி அவர்மீது விழுந்தது இயல்பே. ஆனால் விசாரணை அத்துடன் நிற்கவில்லை. 6,000 பறப்புச் சுற்றுகளுடன் அகற்றுமாறு உற்பத்தியாளர் அறிவுறுத்தியிருந்த சுழலித் தகடு, 6,182 சுற்றுகள் வரை பயன்படுத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. விமானிக்குக் கிடைத்தவை சில விநாடிகள். பராமரிப்புக்குப் பொறுப்பானவர்களுக்கோ போதிய அவகாசம் இருந்தது.

இதற்கு நேர்மாறான சம்பவம் 2017 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்கும் முடிவு வேகத்தைக் கடந்த பின்னரே விமானி நிறுத்தினார். வால்பகுதியிலுள்ள உயர்த்தி பலத்த காற்றினால் முன்னரே சேதமடைந்திருந்ததால், அந்த விமானம் மேலெழும் நிலையிலேயே இருக்கவில்லை. ஆகவே அவரது முடிவு சரியானது என விசாரணையாளர்கள் ஏற்றனர். 116 பேரும் உயிர்தப்பினர். ஓடுபாதைக்கு அப்பால் உள்ள பாதுகாப்பு நிலப்பரப்பு சில ஆண்டுகளுக்கு முன்னர் விரிவாக்கப்பட்டிருந்தது.

இந்த நிலப்பரப்பைப் பற்றித்தான் நாம் கவலைகொள்ள வேண்டியுள்ளது. புறப்படும்போதாயினும் தரையிறங்கும்போதாயினும், ஓடுபாதையைத் தாண்டும் விமானத்துக்கு அதுவே கடைசித் தஞ்சம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் பெரிய ஓடுபாதைகளுக்கு ஆகக்குறைந்தது 90 மீற்றரைக் கட்டாயமாக்கி, 240 மீற்றரைப் பரிந்துரைக்கின்றது. மேட்டுநிலத்தில் அமைந்த மங்களூரில் 2010 இல் 158 பேரும், கோழிக்கோட்டில் 2020 இல் 21 பேரும் பலியாகினர். இரண்டுமே டுபாயிலிருந்து உழைப்பாளர்களையும் குடும்பங்களையும் ஏற்றிவந்த விமானங்கள். தரையிறங்கியதில் விமானிகள் இழைத்த தவறுகள் விசாரணைகளில் கூறப்பட்டன. ஆயினும் அத்தவறுகளுக்குப் பின்னால் பள்ளத்தாக்குக்குப் பதிலாகச் சமநிலம் இருந்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

நமது கட்டுநாயக்கவிலும் ஒரு பாடம் உண்டு. 2005 செப்டெம்பர் 8 ஆம் திகதி, ஜித்தாவுக்குப் புறப்படவிருந்த சவூதி விமானத்தில் குண்டு இருப்பதாக வந்த பொய்த் தகவலையடுத்து, சுமார் 420 பயணிகள் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். பயணிகளில் பெரும்பாலானோர் இலங்கையர்கள். நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். குண்டு இருக்கவில்லை, விமானமும் சேதமடையவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கும் விமானிகளுக்குமிடையே உரிய நேரத்தில் தொடர்பாடல் நிகழாமையே காரணம் என விசாரணை கண்டது. பயணிகளுக்குப் புரியும் மொழியில் வெளியேறும் முறை விளக்கப்படுகின்றதா என்ற கேள்வியும் இதனோடு எழுகின்றது. மத்திய கிழக்குக்கு முதன்முறையாகப் பறக்கும் பெண்ணுக்கு அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் கூறப்படும் அறிவுறுத்தல் எந்தளவு உதவும்?

2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். 72 ரகச் சிறு விமானங்களே சேவைக்கு வந்துள்ளன. பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதை நீட்டப்பட வேண்டும் என்ற கோரிக்கை வெள்ளவத்தையிலும் ஒலிக்கின்றது. நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் நீட்டப்படும் ஓடுபாதைக்கு அப்பாலும் பாதுகாப்பு நிலம் தேவை. அதைச் சூழவுள்ளவையோ, 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள். எத்தனை மீற்றர், யாருடைய காணி, என்ன நட்டஈடு என்பவற்றை அதிகாரிகள் வரைபடத்துடன் அம்மக்களின் முன் வைத்த பின்னரே வேலைகள் தொடங்கப்பட வேண்டும்.