மாதம் ஒரே ஊசி

மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது நோயாளிக்குத் தவறாமல் கிடைக்கச் செய்வது மறுபாதி. புராஸ்டேட் புற்றுநோய்க்கு லூப்ரோலைடு என்ற மருந்தை 1985-ல் அமெரிக்கா அனுமதித்தபோது, தினம் ஓர் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1989-ல் அது மாதம் ஒன்றாயிற்று. மருந்து அதேதான்; அதை ஏந்திச் செல்லும் உருண்டைதான் புதிது.

கண்ணுக்கு வெறும் தூளாகத் தெரியும் இவ்வுருண்டைகள், லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலியாய்க் கோத்த பாலிமரால் ஆனவை. தானே கரையும் அறுவைத் தையல் நூலுக்கும் இதே குலந்தான். பாலிமரை ஆவியாகும் திரவத்தில் கரைத்து, மருந்தைச் சேர்த்து, நீரில் விட்டு விசையாகக் கலக்குகிறார்கள். மோர் கடைவது போலத்தான்; ஆனால் இங்கே எதுவும் திரண்டுவிடக் கூடாது! துளிகள் தனித்தனியே நிற்க, திரவம் ஆவியாகி, மணிகள் இறுகுகின்றன. சரீரத்துக்குள் நீர் பட்டுச் சங்கிலி மெல்ல அறுகிறது. மருந்து சிறுகச் சிறுகக் கசிகிறது. பாலிமரோ முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறிவிடுகிறது.

கலக்கும் வேகம் மாறினால் மணியின் பருமன் மாறும். பக்குவம் தவறினால் முதல் நாளே மருந்து கொட்டிவிடலாம். ஆகவே, காப்புரிமை காலாவதியானாலும் மாத்திரையைப்போல் இதை எளிதில் நகல் செய்ய முடிவதில்லை. விலை சுலபத்தில் இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரப் பஸ் கட்டணமில்லாதவருக்கல்லவா மாத ஊசி முதலில் தேவை? விலை தடுப்பதும் அவரைத்தான். வியாபாரிகள் விவகாரமென்று சர்க்கார் ஒதுங்கலாகாது. பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வுக்கூடங்கள் இந்த உற்பத்தி முறையில் தேர்ந்து, சிறு மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் கற்றுக்கொடுக்கப் பணம் ஒதுக்க வேண்டும்.