மதம் கழித்த கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் இனி ஒரு மதத்தின் பண்டிகை அல்ல, எல்லோருக்குமான ஒரு விடுமுறை நாள் என்று சொல்லிக்கொள்வது நம் படித்த வட்டாரத்தில் பழக்கமாகிவிட்டது. டிசம்பர் பிறந்ததும் பெரம்பலூர்க் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. வாங்குகிறவர்களில் பலர் சர்ச் வாசலை மிதித்திராதவர்கள். மதம் உதிர்ந்து கலாசாரம் மிஞ்சுகிறது என்று நண்பர்கள் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு இந்தச் சந்தோஷத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது.

மதத்தைக் கழிப்பது புதிய காரியமே அல்ல. சட்டம் அதை எப்போதோ செய்து முடித்துவிட்டது. 1881-ஆம் வருஷத்து செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆவது பிரிவை வெள்ளைக்காரன் எழுதியபோது, ஞாயிறு தவிர அவன் பெயர் சொல்லிக் குறித்த விடுமுறைகள் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி. 1955-இல் நம் பார்லிமெண்ட் அந்தப் பெயர்களை அடித்துவிட்டது. அதற்கப்புறம் கிறிஸ்துமஸும் தீபாவளியைப் போல அரசாங்கம் அறிவிக்கிற ஒரு நாள். அன்றைக்குக் கெடு முடிகிற பில்லுக்கு முந்தின வேலை நாளே கெடு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் யேசு பிறப்பின் முழு அர்த்தமும் இவ்வளவுதான். நண்பர்கள் கனவு காணும் மதமற்ற கிறிஸ்துமஸ் இதைவிடச் சுத்தமாகக் கிடைக்காது.

இங்கிலீஷ் பி.ஏ. படித்தவர்கள் உடனே டிக்கன்ஸைக் கூப்பிடுவார்கள். (நானும் அந்த ஜாதிதான்.) 1843-இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் கதையில் மாட்டுக் கொட்டிலைவிட அடுப்படிக்குத்தான் இடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தில் வரும் சச்சரவுகளில் ஒன்று, ஒரு குமாஸ்தாவுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுப்பதா என்பது. மதம் போன இடத்தில் டிக்கன்ஸ் கூலியை வைத்தார். நாம் கேக்கை வைத்திருக்கிறோம்.

காலியான இடம் காலியாகவே இருக்கும் என்று நம்புவதும் அசட்டுத்தனம். 2014-இல் மத்திய அரசு டிசம்பர் 25-ஐ நல்லாட்சி நாள் என்று அறிவித்தது. வாஜ்பாயி பிறந்த தேதி அது. இதுவும் மதச்சார்பற்ற கொண்டாட்டம்தானே, நண்பர்கள் ஏன் கை தட்டவில்லை? அம்பேத்கர் மஹாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்தியது 1927 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தது 1968 டிசம்பர் 25. மதமில்லாத காரணங்களுக்காக நினைக்க வேண்டிய நாள்தான். அந்தக் காரணங்களுக்காக யாரும் நட்சத்திரம் வாங்குவதில்லை.

அரியலூரிலிருந்து திருமானூர்ப் பக்கம் போனால் ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி என்கிற வீரமாமுனிவர் இருந்த ஊர். காவி கட்டி, சூசையப்பரைக் காவிய நாயகனாக்கித் தேம்பாவணி எழுதி, இந்தக் கிராமத்துக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார். அரியலூர் மழவராயர் நிலம் கொடுத்தார் என்கிறார்கள். அடைக்கல மாதாவிடம் இன்றைக்கும் எல்லா ஜனங்களும் வருகிறார்கள். அவர்கள் மதத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் அல்ல. இருக்கிற குலதெய்வத்தோடு இன்னொரு தாயையும் சேர்த்துக்கொள்கிறவர்கள். கும்பிடத் தெரியாத நாம் இதைப் பார்த்து 'மதநல்லிணக்கம்' என்று கட்டுரை எழுதுகிறோம்.

அந்த ஜனங்களை உயர்த்தி வைத்து முடித்துக்கொண்டால் நானும் பொய் சொன்னவனாவேன். கும்பிடுகிறவர்களிடமும் ஜாதி போகவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவர்களும் கிறிஸ்தவர்கள், அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் ஜாதியினர் அல்ல. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் விலக்குத் தரப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு இல்லை. சேரி அதேதான், சுடுகாட்டுப் பாதை அதேதான், ஞானஸ்நானம் பெற்றவன் மட்டும் தாலுகா ஆபீஸ் காகிதத்தில் வேறு ஆள். தனித் தொகுதியான பெரம்பலூரில் அவன் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. ராமநாதபுரம் பக்கம் ஒரு பெண் டாக்டரின் ஜாதிச் சான்றிதழை 2013-இல் ரத்து செய்தார்கள். கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். அவருடைய கிளினிக்குக்குப் போன அதிகாரிகள் சுவரில் ஒரு சிலுவையைப் பார்த்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது 2021-இல். எட்டு வருஷம், ஒரு சிலுவைக்கு. புதுச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்த இன்னொரு பெண் கிறிஸ்தவராகவே வாழ்கிறார், சர்ச்சுக்குப் போகிறார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2024-இல் அவருக்குச் சான்றிதழ் கிடையாது என்று தீர்ப்பளித்தது.

சுவரில் தொங்குவது மதமா, கலாசாரமா, வெறும் அலங்காரமா என்பது தொங்குகிற பொருளில் இல்லை. என் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கினால் ரசனை. அவன் வீட்டு வாசலில் அதே நட்சத்திரம் சாட்சியம். மதத்தைக் கழித்துவிட்டுக் கொண்டாடும் சௌகரியம் யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால், அதைக் கொண்டாடிப் பறிகொடுக்க எதுவும் இல்லாதவர்களுக்கு. நண்பர்களின் மதச்சார்பின்மைக்கு ஒரு ஜாதிச் சான்றிதழ் இருக்கிறது. அதை யாரும் சரிபார்க்க வருவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கிளையில், ஊர் சொல்ல மாட்டேன், டிசம்பர் 24 சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டுக் கேக் வெட்டினோம். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவரும் கிறிஸ்தவர் அல்ல. 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று கத்தினோம், யாரோ தொப்பிகூட வாங்கி வந்திருந்தார். ஒருவர் மட்டும் கேஷ் அறைப் பக்கமே நின்றார். ரிஜிஸ்தரில் இந்து. ஒரு துண்டை நீட்டியபோது "சுகர் சார்" என்றார். தினம் எங்களோடு சர்க்கரை போட்ட டீ குடிக்கிறவர்.

26-ஆம் தேதி வேலைக்கு வந்ததும், லீவுக்கு எங்கே போனீர்கள் என்று அவரை யாரோ கேட்டார்கள். வீட்டில்தான் என்றார்.