மரம் யாருடைய சொத்து?

ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டில், குடியானவன் தன் நிலத்தில் முளைத்த மரத்தையும் தனதென்று சொல்ல முடியாதிருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டப்படி அது சர்க்கார் சொத்தாயிருந்தது. வெட்டினால் அபராதம்! தனதல்லாததை எவன் காப்பாற்றுவான்? மரம் அழிந்தது, மணற்காற்று பயிரை மூடிற்று.

நிற்க, 1983-க்குப் பின் மராடிப் பக்கத்துக் குடியானவர்கள், பூமிக்குள் உயிரோடு கிடந்த நாட்டு மரக் கட்டைகளின் துளிரைப் பிடுங்காமல், நல்ல கிளைகளை மாத்திரம் விட்டு மற்றவற்றைக் கழித்து வளர்த்தார்கள். அதிகாரிகளும் சட்டத்தைக் கடுமையாக நடத்தவில்லை. நாற்றுச் செலவுகூட இல்லாமல் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் எழும்பிற்று. விறகு, தீவனம், விற்றால் காசு! 'காவோ' மரமோ மழைக்காலத்தில் இலையுதிர்ப்பதால் பயிருக்கு நிழல் தட்டுவதில்லை.

இவ்வளவும் செய்தவனுக்கு மரப் பாத்தியத்தை எழுத்து மூலம் கொடுக்க சர்க்காருக்கு 2020 வரை ஆயிற்றே, ஏன் என்று கேட்கிறோம்.