தடங்கலின்றிப் படம் பார்க்க எந்த அட்டை?

ஊரிலே நடைபெறும் கலியாணமும் செத்தவீடும் இன்று எமது வீட்டுக் கணனித் திரைக்கே வந்துவிடுகின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் மகோற்சவத்தை ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் இருந்தபடியே முதியோர் கண்டு கும்பிடுகின்றனர். ஊருக்குப் போய்வர உடலோ பணமோ விசாவோ இடங்கொடாத எம்மவர் பலருக்கு இதைவிட வேறு வழியில்லை. அந்தத் திரையிலே தேர் அசையாது நின்று பின் துள்ளி ஓடுமாயின் மனம் நோகத்தான் செய்யும். அதற்கு மருந்தென்று விலையுயர்ந்த ‘கிறபிக்ஸ் காட்’ வாங்கும்படி ஆலோசனை கூறப்பட்டவர்களுக்காக இவ்வாரம் சில விடயங்களை எடுத்துரைக்கின்றோம்.

முதலில் நோயை அறிதல் வேண்டும். சுழலும் வட்டம் தோன்றி, படமும் ஒலியும் சேர்ந்தே நின்றால் குறை பெரும்பாலும் இணையத் தொடர்பில் உள்ளது. எந்த அட்டையும் அதைத் தீர்க்காது. ஒலி சீராகத் தொடர, படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடுமாயின் கணனியைச் சந்தேகிக்கலாம். யூரியூப் படத்தின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘ஸ்ரற்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். கைவிடப்பட்ட படச்சட்டங்களின் எண்ணிக்கை அங்கே காட்டப்படும். அது ஏறிக்கொண்டே போனால் கணனி ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். குரோம் போன்ற உலாவியின் அமைப்பில் ‘ஹார்ட்வெயார் அக்சிலரேஷன்’ நிறுத்தப்பட்டிருந்தாலும் இவ்வாறு நேரலாம். அதை இயக்கிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

கணனி ஏன் திணறுகிறது? உயர்தெளிவுப் படச்சட்டம் ஒன்றில் 1920 க்கு 1080 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 சட்டங்கள் வீதம், சுருக்காமல் அனுப்புவதாயின் விநாடிக்கு ஏறத்தாழ 7 கோடி 78 இலட்சம் பைற் தேவை. எனவே படம் சுருக்கப்பட்டே வருகிறது. வீட்டில் அதை விரிக்க வேண்டும். சுருக்கும் முறைகள் பல. 2003 இல் எச்.264, 2013 இல் எச்.265, அதே ஆண்டில் கூகிளின் வீ.பி.9, 2018 இல் ஏ.வி.1 என அவை வந்தன. வரும் முறையை விரிக்கும் தனிச்சுற்று அட்டையில் இருந்தால் வேலை இலகு. இல்லையேல் முழுச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்வி, ‘இது எந்தெந்த முறைகளை விரிக்கும்?’ என்பதே. விளையாட்டுகளுக்கான வேகமும் நினைவகப் பருமனும் எமக்கு முக்கியமில்லை. மலிவாகக் கிடைக்கும் என்விடியா ஜீ.ரி. 710 எச்.264 ஐ விரிக்கும், வீ.பி.9 ஐ விரிக்காது. 2017 இல் வந்த ஜீ.ரி. 1030 எச்.265, வீ.பி.9 இரண்டையும் விரிக்கும். 30 வாற் மின்சாரமே போதும். புதியது என்பதாலும் ஏமாறக்கூடாது. 2022 இல் வெளியான ஏ.எம்.டி. ரேடியன் ஆர்.எக்ஸ். 6400 ஏ.வி.1 ஐ விரிக்காது. அதே ஆண்டின் இன்ரெல் ஆர்க் ஏ310 விரிக்கும். ஆனால் ஆர்க் வகை பழைய கணனிகளுக்கு உகந்ததன்று. அலுவலகங்களிலிருந்து வரும் ஒடுங்கிய பெட்டிகளுக்கு அரை உயர அட்டையே பொருந்தும் என்பதையும் அளந்து பாருங்கள்.

அட்டையே தேவைப்படாத வீடுகளும் உண்டு. 2017 முதல் வந்த இன்ரெல் 7 ஆம் தலைமுறை மேசைக் கணனிச் செயலிகளில் பெரும்பாலானவை வீ.பி.9, எச்.265 இரண்டையும் தாமே விரிக்கும். அதற்கு முந்திய கணனிகளுக்கோ வேறொரு சிக்கல். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அவற்றை முறைப்படி ஏற்பதில்லை. அத்தகைய கணனிக்கு அட்டை வாங்கும் பணத்தோடு சிறிது சேர்த்து, பாவித்த புதிய தலைமுறைக் கணனி ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

பழைய வீ.எச்.எஸ். நாடாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலிருந்து வந்த கலியாண நாடா இங்கே ஓடாமற் போனது பலருக்கு நினைவிருக்கும், கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை, பிரித்தானியாவிலும் இலங்கையிலும் பால் முறை. அந்நாடாக்களைக் கணனியில் ஏற்றியபின் எந்த அட்டையாலும் அவற்றை உண்மையான உயர்தெளிவாக்க முடியாது. நாடாவில் பதியாத முகத்தெளிவை அட்டை எங்கிருந்து கொண்டுவரும்? அவை நாட்பட நலிவன. ஆதலால் அட்டைக்கு ஒதுக்கும் பணத்தை அவற்றைப் பிரதி எடுப்பதற்குச் செலவிடுங்கள்.

இறுதியாகச் சட்டம். வியாபாரியிடம் இணையவழி வாங்கும் பொருளைப் பொதுவாக 14 நாட்களுக்குள் மனம்மாறித் திருப்பலாம். கடையில் வாங்கியது பழுதாயிருந்தால், 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிப் பணத்தைக் கேட்கலாம்; பாவித்த பொருளானாலும் வியாபாரியிடம் வாங்கியதாயின் இவ்வுரிமை உண்டு. தெரிந்தவர் மூலம் கைமாற்றாக வாங்கினால் இப்பாதுகாப்புப் பெரும்பாலும் இல்லை. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். திருவிழாத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே வாங்கிப் பொருத்திச் சோதித்தால், பிழையிருப்பின் மாற்றவும் அவகாசம் கிடைக்கும்.