பெயர் தாங்கிய இறுவட்டுக்கள்

ஒலியையும் தரவையும் நாமே பதிந்துகொள்ளத்தக்க இறுவட்டை 1988ஆம் ஆண்டில் உருவாக்கிய யப்பானியத் தையோ யூடென் நிறுவனம், 2015ஆம் ஆண்டின் இறுதியோடு அத்தொழிலைக் கைவிட்டது. பதியத்தக்க புளூ-றே வட்டுக்களின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்தியது.

வட்டின் முகத்திலே பெயர் பொறிக்கும் கலையும் இவற்றோடு மறைந்தது. 2004ஆம் ஆண்டில் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் அறிவித்த லைற்ஸ்கிறைப் முறையிலே, வட்டைப் புரட்டி வைத்தால், தரவை எழுதிய லேசர்க் கதிரே மேற்பூச்சிற் பெயரையும் படத்தையும் வரையும். ஒட்டுத்தாள்போல் அஃது உரியாது. சுழலும் வட்டின் சமநிலையையும் குலைக்காது. யமஹாவும் புஜிபிலிமும் கண்ட லேபிள்பிளாஷ் முறையும் அத்தகையதே. இரண்டும் இன்று வழக்கொழிந்தன.

கருவிகள் மாறுவது இயல்பு. அதனை நாம் குறைகூறோம். ஆயின், பெயரிடும் வழக்கமும் உடன் ஒழிதல் தகுமோ? இன்று பதிவுகள் வெறும் எண்களையே பெயராய்த் தாங்கிக் கைப்பேசிகளிலே குவிகின்றன. பேசியவர் யார், விழா யாது என்பது அறியவொண்ணாப் பதிவு இருந்தும் இல்லாததே.

நம்மவர் இல்லங்களிலுள்ள வட்டுக்களின் சாயம் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் மங்கும். அவற்றைப் படிக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. ஆதலின், காலந் தாழ்த்தாது அவற்றைப் படியெடுத்து, ஈரிடங்களிலேனும் வைத்து, பெயர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். குரல்களை அடையாளங் காணவல்லார் பழைய மாணவர். படியெடுக்க வல்லார் இன்றைய மாணவர். இருசாராரும் ஒருங்கே அமர்ந்து இப்பணியைத் தொடங்குவாராக.